ஓசூரில் உருவான பி.எம்.டபிள்யூ.: ஜி 310 ஜி.எஸ். வண்டியை இப்போது வாங்கலாமா?

பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். மோட்டார் சைக்கிளை இந்தியாவில் புதிதாக வாங்கும் காலம் முடிந்துவிட்டது. 2025-ஆம் ஆண்டின் முற்பகுதியில், புகை தொடர்பான அடுத்த கட்ட விதிகள் நடைமுறைக்கு வந்த வேளையில், ஜி 310 ஆர், ஜி 310 ஜி.எஸ். ஆகிய இரண்டையும் அந்நிறுவனம் இந்திய விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆயினும் பெங்களூரிலும் ஓசூரிலும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்த வண்டி தொடர்ந்து கைமாறிக்கொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து இளைஞர்கள் பலர் அதை விசாரிக்கிறார்கள். பிஎஸ்6 என்னும் புகை விதிப்படி வந்த வண்டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கி நம் மாவட்டச் சாலைகளில் கணிசமான தூரம் ஓட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வண்டியின் குணத்தை மட்டும் சொன்னால் இது பாதி மதிப்புரையாகத்தான் இருக்கும். இந்தியாவில் அந்த ஜெர்மன் நிறுவனம் எப்படி வளர்ந்தது, எந்த இடத்தில் வளராமல் நின்றது என்பதைப் பார்த்தால்தான் இந்தப் பழைய வண்டிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது புரியும்.

பி.எம்.டபிள்யூ.வின் மோட்டார் சைக்கிள் பிரிவான பி.எம்.டபிள்யூ. மோட்டராட் நிறுவனமும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் 2013 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 500 சிசிக்கு உட்பட்ட வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது, அவற்றை ஓசூர் ஆலையில் தயாரிப்பது என்பதே அதன் சாரம். அந்நிய நிறுவனத்தோடு கைகோப்பது ஓசூருக்குப் புதிதல்ல. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்ட அதே ஊரில்தான் ஜப்பானின் சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து 1984-இல் 100 சிசி மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கினார்கள்; அந்தக் கூட்டு 2001-இல் முறிந்தது. பி.எம்.டபிள்யூ.வோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் கூட்டு நிறுவனம் என்று எதுவும் இல்லை. எஞ்சினையும் சட்டகத்தையும் பொதுவாக வைத்துக்கொண்டு, அவரவர் பெயரில் அவரவர் வண்டியை அவரவர் ஷோரூமில் விற்றுக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியில் வண்டி வாங்குகிறவரின் தலையெழுத்தைத் தீர்மானித்தது இந்தக் கடைசி அம்சம்தான்.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வண்டியில் காசுக்குத் தகுந்த சரக்கு அங்கேதான் இருக்கிறது. வழக்கமான ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் சிலிண்டர் நிமிர்ந்தோ முன்பக்கம் சாய்ந்தோ இருக்கும். சைலன்சர் குழாய் எஞ்சினின் முன்புறத்திலிருந்து புறப்பட்டு, வளைந்து, அடிவழியாகப் பின்னே செல்லும். இதில் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது; சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் 180 டிகிரி திரும்பியிருக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து பார்த்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் குழாய் வளைவு எதுவும் தென்படாது. காற்றும் பெட்ரோலும் முன்பக்கமாக உள்ளே போகின்றன. புகைக்குழாய் சிலிண்டரின் முதுகிலிருந்து நேரே பின்னோக்கி இறங்குகிறது. முதன்முதலாக இதைப் பார்த்த எங்கள் ஊர் மெக்கானிக், "என்னண்ணா, எஞ்சினைத் திருப்பி மாட்டிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அமைப்பு விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. எஞ்சினின் எடை முன்சக்கரத்தை நோக்கி நகர்வதால், வண்டியின் மொத்த நீளத்தைக் கூட்டாமலேயே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக வைக்க முடிகிறது. அதனால் வளைவுகளில் பின்பக்கம் அலையாமல் சாலையைப் பற்றிக்கொண்டு வருகிறது.

313 சிசி, நான்கு வால்வு, இரட்டை கேம், ரேடியேட்டர் குளிரூட்டல், ஆறு கியர், 34 பிஎஸ் (குதிரைத்திறன்) ஆற்றல், 28 நியூட்டன் மீட்டர் திருகுவிசை ஆகியவை ஏட்டில் உள்ள விவரங்கள். இந்த ஆற்றலில் பெரும்பகுதி எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் கிடைக்கிறது. உச்ச ஆற்றல் நிமிடத்துக்கு 9,000 சுழற்சிக்கும் மேலே இருக்கிறது. புல்லட் ஓட்டிப் பழகியவர் நான்காவது கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போக நினைத்தால் வண்டி ஒத்துழைக்காது. ஒரு கியர் குறைக்கச் சொல்லி முனகும். கிருஷ்ணகிரி பழையபேட்டைச் சந்துகளிலும் தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நெரிசலிலும் கிளட்சோடு கொஞ்சம் மல்லுக்கட்டத்தான் வேண்டும். ஒற்றைச் சிலிண்டருக்கே உரிய அதிர்வும், வேகம் கூடும்போது கைப்பிடியிலும் கால்மிதியிலும் தெரியும். இவை இந்த வகை எஞ்சினின் இயல்பு. வாங்குகிறவர் அறிந்துதான் வாங்க வேண்டும்.

2020 அக்டோபரில் வந்த பிஎஸ்6 வகையில் முக்கியமாக மூன்று திருத்தங்கள் செய்தார்கள். ஆக்சிலரேட்டர் கேபிளுக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாடு வந்தது, எல்.இ.டி. முகவிளக்கு வந்தது, ஸ்லிப்பர் கிளட்ச் வந்தது. மூன்றில் நம் பகுதிக்கு மிக முக்கியமானது கடைசியில் சொன்னதுதான். தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாயின் இறக்கத்தை அறியாதவர் இங்கே யாரும் இல்லை. பிரேக் பிடிக்காமல் இறங்கும் லாரிகளால் எத்தனையோ குடும்பங்கள் நொடிந்த இடம் அது. அங்கே இருசக்கர வண்டிக்காரர் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே இறங்குவதுதான் முறை. சாதாரண கிளட்சில் ஒரே மூச்சில் இரண்டு கியர் குறைத்தால் பின்சக்கரம் துள்ளி வழுக்கப் பார்க்கும். ஸ்லிப்பர் கிளட்ச் அந்தத் திடீர் இழுவையைத் தளர்த்திவிடுவதால், பின்னால் யாரேனும் உட்கார்ந்திருந்தாலும் வண்டி கோடு மாறாமல் இறங்குகிறது. அதற்கு முந்தைய பிஎஸ்4 வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிஎஸ்6 வகையையே தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

மோசமான சாலையில் வண்டி எப்படி என்பதற்கு தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் வழியே சரியான சோதனை. காட்டு வழி, தார் பெயர்ந்த இடங்களும் மழைநீர் அரித்த ஓரங்களும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். மாலை மங்கிவிட்டால் யானை குறுக்கிடும் பகுதி என்பதால் அங்கே வேகம் காட்டுவதும் அறிவுடைமையாகாது. முன்னே 19 அங்குலச் சக்கரமும், இருபுறமும் 180 மி.மீ. ஏறி இறங்கும் ஷாக் அப்சார்பர்களும் அந்தக் குழிகளை அநாயாசமாக விழுங்குகின்றன. நின்றுகொண்டு ஓட்டுவதற்குக் கைப்பிடியின் உயரம் எனக்குப் போதுமானதாகவே இருந்தது. ஆனால் சக்கரங்கள் கம்பி வைத்தவை அல்ல, அலாய். டியூப் இல்லாத டயர் என்பதால் பஞ்சர் ஆனால் எந்தக் கிராமத்துக் கடையிலும் குச்சி சொருகி ஒட்டிவிடலாம். அதே நேரத்தில், கூரான கல்லில் பலமாக இடித்தால் ரிம் நெளிவதற்கோ விரிசல் விடுவதற்கோ வாய்ப்பு உண்டு. பார்வைக்குக் காட்டு வண்டியாகத் தெரிந்தாலும் இது கெட்ட தார்ச்சாலைக்கான வண்டியே. பாறை ஏறுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இருக்கையின் உயரம் 835 மி.மீ. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படாது. எடை 175 கிலோ என்பதால் சமாளித்துவிடலாம். பெட்ரோல் டேங்க் 11 லிட்டர்தான். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. கிடைக்கும். சுற்றுலா வண்டி என்று விற்றதற்கு இந்த டேங்க் சிறியது என்பதே என் கருத்து.

இனி விலைக்கு வருவோம். 2018 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது ஜி 310 ஆர் 2.99 லட்சம் ரூபாய், ஜி.எஸ். 3.49 லட்சம் ரூபாய், இரண்டும் ஷோரூம் விலை. அதற்கு ஏழு மாதம் முன்பே, 2017 டிசம்பரில், இதே அடிப்படை எஞ்சினைக் கொண்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியை டி.வி.எஸ். 2.05 லட்சத்துக்கு விற்கத் தொடங்கியிருந்தது. இரண்டும் ஒரே ஆலையில் தயாராகின்றன என்பது ஓசூர் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி. டேங்கில் ஒட்டிய வட்டச் சின்னத்துக்கு ஒரு லட்சம் ரூபாயா என்று டீக்கடையில் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. 2019-இல் பி.எம்.டபிள்யூ. இந்தியாவில் விற்ற மோட்டார் சைக்கிள்கள் பெரிய வண்டிகளையும் சேர்த்து 2,403 மட்டுமே.

நிறுவனம் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டது. 2020 அக்டோபரில் பிஎஸ்6 வகையை வெளியிட்டபோது, மற்றவர்கள் எல்லாம் புகை விதியைக் காரணம் காட்டி விலையை ஏற்றிய அந்த நேரத்தில், பி.எம்.டபிள்யூ. ஆர் வண்டியின் விலையை 2.45 லட்சத்துக்கும் ஜி.எஸ். விலையை 2.85 லட்சத்துக்கும் இறக்கியது. ஜி.எஸ். வாங்குகிறவருக்கு 64,000 ரூபாய் மிச்சம். கொரோனா ஆண்டான 2020-இல் 2,563 ஆக இருந்த விற்பனை, 2021-இல் 5,191 ஆக இரட்டித்தது. 2022-இல் 7,282, 2023-இல் 8,700-க்கும் மேல். விற்ற வண்டிகளில் சுமார் 90 விழுக்காடு இந்த 310 வரிசையே. அதாவது, அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கு இந்தியாவில் கிடைத்த வளர்ச்சி அனேகமாக முழுவதும் ஓசூரிலிருந்து புறப்பட்ட வண்டிகளால் வந்தது. பெர்லினிலிருந்து கப்பலேறி வந்த இருபது லட்சம் ரூபாய் வண்டிகளுக்கு அதில் சிறு பங்குதான்.

2022 ஜூலையில் வந்த ஜி 310 ஆர்.ஆர். இந்தப் பாடத்தை இன்னும் தெளிவாகக் காட்டியது. அது ஏறக்குறைய அப்பாச்சி ஆர்.ஆர். 310-இன் மறுவடிவமே, வண்ணமும் சின்னமும்தான் பெரிதும் வேறு. அன்றைக்கு அப்பாச்சி 2.65 லட்சம், பி.எம்.டபிள்யூ. 2.85 லட்சம். இடைவெளி 20,000 ரூபாயாகச் சுருங்கியதும் வாங்க ஆள் வந்தது. அந்த ஒரு மாடல் மட்டும் இந்தியாவில் 10,000 வண்டிகளைத் தாண்டியதைக் கொண்டாடி, 2025 செப்டம்பரில் ஒரு சிறப்புப் பதிப்பையே வெளியிட்டார்கள்.

ஆனால் இதே எண்களை ஆலையின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. இந்தக் கூட்டின் கீழ் ஓசூரில் தயாரான வண்டிகளின் எண்ணிக்கை 2025-இல் இரண்டு லட்சத்தைத் தொட்டது. 2018 முதல் 2024 வரை பி.எம்.டபிள்யூ. இந்தியாவில் விற்ற எல்லா மாடல்களையும் கூட்டினாலும் நாற்பதாயிரத்தை எட்டாது. மீதமெல்லாம் கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போய்விட்டன. 2022-இல் அந்நிறுவனம் வரலாற்றிலேயே முதன்முறையாக ஓராண்டில் 2,00,000 வண்டிகளுக்கு மேல் உலகெங்கும் விற்றது. இந்தியாவின் பங்கு அதில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஆக, இந்தியா அவர்களுக்கு முதலில் ஒரு தொழிற்கூடம், அதன் பிறகுதான் ஒரு சந்தை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் சந்தையாக மதிக்கப்படும் ஊரில் ஷோரூம் வரும். தொழிற்கூடமாக மதிக்கப்படும் ஊரில் ஷிப்டு பஸ்தான் வரும்.

சர்வீஸ் விஷயத்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது. பி.எம்.டபிள்யூ. மோட்டராட் விற்பனை நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் உள்ளன. நமக்குக் கிட்டம் பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கி.மீ.; தர்மபுரிக்காரருக்கு அதைவிட இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். சர்வீசுக்குப் புறப்பட்டால், வண்டி உருவான ஓசூரைக் கடந்து, அத்திப்பள்ளியில் மாநில எல்லையைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் நீந்தித்தான் சேர வேண்டும். காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுப்பதென்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. இதே எஞ்சின் அடிப்படையில் வந்த அப்பாச்சிக்கு ஊரிலேயே சர்வீஸ் நடக்கிறது; ஆனால் இரண்டு நிறுவனங்களின் விற்பனை அமைப்பும் தனித்தனி என்பதால் டி.வி.எஸ். சர்வீஸ் சென்டரில் பி.எம்.டபிள்யூ. வண்டியை ஏற்க மாட்டார்கள். ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது, பிரேக் பேட் போடுவது போன்ற வேலைகளை அப்பாச்சி எஞ்சினில் கைபழகிய உள்ளூர் மெக்கானிக்குகள் நன்றாகவே செய்கிறார்கள். கம்ப்யூட்டர் இணைத்துப் பிழை பார்க்க வேண்டிய வேலை வந்தால் பெங்களூரைத் தவிர வழியில்லை. அப்பாச்சியின் உதிரிபாகமெல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும் என்று சில கடைகளில் அடித்துச் சொல்வார்கள். பாக எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். முன்சக்கரத்தின் 110/80 ஆர்19 அளவு டயரும் நம் ஊர்க் கடைகளில் தயாராக இருப்பதில்லை, சொல்லி வரவழைக்க வேண்டும்.

எனவே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை சாதாரண வண்டிக்கு உள்ளதைவிடச் சற்று அதிகம். சர்வீஸ் பதிவு முழுமையாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த வண்டிகளுக்கு மூன்று ஆண்டு வாரண்டி இருந்ததால், முதல் உரிமையாளர் அந்தக் காலத்திலாவது ஒழுங்காக அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அதற்குக் காரணம் கேளுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம்மின் விளிம்பு ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். முன் ஃபோர்க்கின் தண்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கிளட்ச் லீவரின் முனையும் கைப்பிடியின் ஓரமும் உராய்ந்திருந்தால் வண்டி எப்போதோ விழுந்திருக்கிறது; விழுவது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். கர்நாடகப் பதிவு வண்டி என்றால், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு முடியும்வரை ஆகும் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டிஎன் 70 (ஓசூர்), டிஎன் 24 (கிருஷ்ணகிரி), டிஎன் 29 (தர்மபுரி) பதிவில் ஒன்று கிடைக்குமானால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

எவ்வளவு கூடுதல் என்பதற்கு இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. 2025 அக்டோபரில் டி.வி.எஸ். தன் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 வண்டியை 1.99 லட்சம் ஷோரூம் விலைக்கு வெளியிட்டது. புதிய 299 சிசி எஞ்சின், 36 பிஎஸ், இதைப் போலவே முன்னே 19 அங்குலச் சக்கரம். 350 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததும் அதற்குத் துணை. புத்தம் புதிய வண்டி, உள்ளூர் சர்வீஸ், வாரண்டி இவ்வளவும் அந்த விலையையொட்டிக் கிடைக்கும்போது, ஓடித் தேய்ந்த ஜி.எஸ். ஒன்றுக்கு இரண்டு லட்சம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்கத் தேவையில்லை. ஒன்றரை லட்சத்துக்குள், நல்ல பதிவோடு, பிஎஸ்6 வகை கிடைத்தால் வாங்கலாம். மாதம் ஒருமுறையாவது பெங்களூரு போய்வரும் வேலை இருப்பவருக்கு இது இன்னும் பொருந்தும். அப்படிப் போகாதவர், வண்டியை நாள்தோறும் வேலைக்கு எடுத்துச் செல்பவர், ஆர்.டி.எக்ஸ். பக்கம் போவதே நல்லது. வண்டியின் குணத்தில் ஜி.எஸ். தோற்றுவிட்டதால் இதைச் சொல்லவில்லை. சர்வீஸ் தூரத்தில் தோற்றுவிட்டது.

310-க்கு அடுத்த வாரிசையும் பி.எம்.டபிள்யூ. காட்டிவிட்டது. 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் அறிமுகமான எஃப் 450 ஜி.எஸ்., 420 சிசி இரட்டைச் சிலிண்டர், 48 பிஎஸ், 178 கிலோ எடை. அதையும் தயாரிப்பது ஓசூர்தான். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வு, நெடுஞ்சாலையில் ஆற்றல் போதாமை ஆகிய இரண்டு குறைகளுக்கும் ஏட்டளவில் பதில் அதில் இருக்கிறது. ஆனால் 350 சிசியைத் தாண்டிய வண்டிகளுக்கு இப்போது ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு. 2020-இல் செய்ததுபோல விலையை இறக்கி ஆள் சேர்க்கும் வசதி அந்த வண்டிக்கு இருக்காது. அதிக விலை கொடுக்கத் தயாராக இருக்கும் ஆள் நம் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. கிரானைட்டிலும் மாங்கூழ் ஆலைகளிலும் சம்பாதித்தவர்கள் அதைவிட விலை கூடிய வண்டிகளை இப்போதே வைத்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது ஓசூரிலாவது ஒரு சர்வீஸ் சென்டர் திறப்பார்களா என்றுதான்.